எலும்பு சேரும், அந்தக் கடைசி ஆறு வரிகளைப் பற்றிப் பேசுவோம்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 36. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மனைவியும் ஏழு வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். நாலரை மாதத்துக்கு முன்னால், மழை பெய்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில், நான்கு மணிக்குப் பைக்கில் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். வளைவில் எதிரே வந்த டிப்பர் லாரி பாதி ரோட்டைத் தாண்டி ஏறி வர, இவர் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறார். ஓரத்தில் நனைந்து கிடந்த இலையில் டயர் வழுக்கி, ஓடைக்குள் விழுந்திருக்கிறார். லாரி நிற்கவில்லை. தலையில் ஹெல்மெட் இருந்திருக்கிறது, ஆனால் பட்டையை மாட்டவில்லை. விழுந்த வேகத்தில் அது தனியாகத் தெறித்துப் போய்விட்டது. வீட்டில் நெற்றி லைட்டைக் கட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதாம். அதற்கு அடுத்து ஞாபகம் இருப்பது ஆம்புலன்ஸின் கூரை.

வலது காலில் முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு முறிந்து, உள்ளே ராடு வைத்திருக்கிறார்கள். தலையை ஸ்கேன் எடுத்து ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிட்டார்கள். முதல் இரண்டு நாள் செலவு அரசுத் திட்டத்தில் போனது. அதற்கு மேல் ஆனதற்கு மனைவியின் நகை அடகுக்குப் போனது. போன மாதம் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், “இன்னும் முழுசா சேரல, பயப்படாம ஊன்றி நடங்க” என்றிருக்கிறார். இவருக்கு அது விளங்கவில்லை. சேராத எலும்பில் எப்படி ஊன்றுவது? ராடு துருப்பிடிக்குமா? மச்சான் சொல்வதுபோல ராடை எடுத்துவிட்டு, வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் கட்டுப்போடலாமா? லாரி நம்பர் தெரியாமல் நஷ்டஈடு கிடைக்குமா? இதையெல்லாம் விரிவாகக் கேட்டிருக்கிறார்.

கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் நெருக்கி எழுதிய ஆறு வரிகள் இருந்தன. ஒரு நாள் மகள் எவர்சில்வர் டம்ளரைக் கீழே போட்டிருக்கிறாள். அந்தச் சத்தத்தில் இவர் கத்தி, கையை ஓங்கிவிட்டார். அன்றிலிருந்து பிள்ளை பக்கத்தில் வருவதில்லை. பொருளை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோகிறது. லாரிச் சத்தம் கேட்டால் உடம்பு வியர்க்கிறது. தூங்குவதற்காக ராத்திரி கொஞ்சம் குடிக்கிறார். “நீங்க பழைய ஆளே இல்ல” என்கிறார் மனைவி. “டாக்டர், எனக்குக் கிறுக்கு பிடிக்குதா?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரருக்கு,

இல்லை. உங்களுக்குக் கிறுக்கு பிடிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கேள்வியோடுதான் இந்த நாலரை மாதத்தில் பல ராத்திரிகளைக் கழித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

விபத்தில் அடிபட்டவர்களை மறுபடி நடக்கவும் வேலைக்குப் போகவும் தயார்ப்படுத்தும் சிகிச்சையைத்தான் நான் பார்க்கிறேன். மூன்றரைப் பக்கம் காலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கால் எனக்குப் பெரிய கவலை தரவில்லை. அடியில் எழுதிய ஆறு வரிகள்தான் என்னை நிறுத்தின. காலில் அடிபட்டதை எக்ஸ்ரே காட்டுகிறது, ஊரே பார்க்கிறது, வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கி வருகிறார்கள். தலையில் பட்ட அடியை யாரும் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்கவில்லை.

தலையில் என்ன நடந்தது

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால், மண்டைக்குள் ரத்தக் கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்று அர்த்தம். அது நல்ல செய்திதான். ஆனால் மூளைக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. தூக்குவாளியில் பாலை வைத்துக்கொண்டு ஓடி, சட்டென்று நின்றால் உள்ளே பால் அலைமோதுமே, அதுபோல மண்டைக்குள் மூளை குலுங்குகிறது. அந்தக் குலுக்கலில் நுண்ணிய நரம்பு இழைகள் இழுபடுகின்றன. சாதாரண சி.டி. ஸ்கேனில் அது தெரியாது. உங்கள் விஷயத்தில் அது நடந்தது என்பதற்கு நீங்களே சாட்சி எழுதியிருக்கிறீர்கள். நெற்றி லைட்டைக் கட்டியதற்கும் ஆம்புலன்ஸ் கூரைக்கும் நடுவில் நினைவு இல்லை. மூளை அந்த நேரத்தைப் பதிவு செய்யவே இல்லை.

இப்படிக் குலுங்கிய மூளைக்கு அப்புறம் சில தொந்தரவுகள் வரும். தலைவலி, வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் போவது, மறதி, சட்டென்று மூக்குக்கு மேல் வரும் கோபம், தூக்கக் கோளாறு. பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் இது தணிந்துவிடும். சிலருக்கு நீடிக்கும். தூக்கம் கெட்டு, வலியும் கடனும் கூட இருந்து, குடியும் சேர்ந்தால் நீடிக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்கு இவை எல்லாமே இருக்கின்றன.

இதோடு இன்னொன்றும் கலந்திருக்கிறது. லாரிச் சத்தத்துக்கு உடம்பு வியர்ப்பது மூளைக் குலுக்கல் மட்டும் அல்ல. உயிர் போகும் ஆபத்தைக் கண்ட உடம்பு, அதே சத்தம் கேட்டதும் மறுபடி ஆபத்து வந்துவிட்டது என்று தயாராகிறது. ஒரு மாதத்தைத் தாண்டியும் இது விடவில்லை என்றால் சிகிச்சை தேவை, சிகிச்சையும் இருக்கிறது. பேச்சு வழியாகச் செய்யும் சிகிச்சையில், பயப்படுகிற விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கப் பழக்குவார்கள். தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். எது எவ்வளவு என்பதைக் கடிதத்தை வைத்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், மனநல மருத்துவரிடம் “தலையில் அடிபட்டு நாலரை மாதம்” என்று தொடங்குங்கள். நரம்பியல் மருத்துவரிடமும் அவர் அனுப்புவார். போக வர முடியாத நாட்களில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

குடியைப் பற்றிக் கண்டிக்க நான் எழுதவில்லை. தூக்கம் வராத மனிதன் கைக்குக் கிடைத்ததை எடுக்கிறான். ஆனால் அது தூக்கத்தைத் தருவதுபோலத் தந்து, நடுராத்திரியில் பிடுங்கிக்கொள்கிறது. ஆறிக்கொண்டிருக்கிற மூளையை மேலும் மந்தமாக்குகிறது. வலிப்பு வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிறும் ஈரலும் கெடும். தினமும் நிறையக் குடித்துக்கொண்டிருந்தால் மட்டும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அதுவும் வியாதியா என்று கேட்டிருக்கிறீர்கள். அது வியாதி இல்லை. மரத்தில் பால் நன்றாக ஓடுகிற குளிர்ந்த நேரத்துக்காக வருடக்கணக்கில் எழுந்த உடம்பு அது. முன்பெல்லாம் எட்டரைக்கே படுத்துவிடுவீர்கள், அதனால் தூக்கம் போதுமானதாக இருந்தது. இப்போது பதினொன்றுவரை டி.வி., அப்புறம் மூன்று மணிக்கு விழிப்பு. பழையபடி எட்டரைக்குப் படுத்துப் பாருங்கள். பகல் தூக்கத்தை அரை மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்.

மகளிடம் நீங்களே பேச வேண்டும். ‘சரியாகிவிடும்’ என்று விட்டால், தான் டம்ளரைப் போட்டதால்தான் அப்பா இப்படி ஆனார் என்று பிள்ளை நம்பிக்கொள்ளும். ஏழு வயதில் பிள்ளைகள் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள். “அப்பாக்குத் தலையில அடிபட்டுச்சு மக்ளே. அதனால சத்தம் கேட்டா தாங்க முடியல. உன் மேல தப்பு இல்ல. அப்பா கையை ஓங்குனதுதான் தப்பு” என்று சொல்லுங்கள். கோபம் ஏறுவது காதில் சூடாகவோ நெஞ்சுப் படபடப்பாகவோ முதலில் தெரியும். அப்போதே கைத்தடியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுங்கள். அப்படிப் போனால் எதற்காகப் போகிறீர்கள் என்று மனைவிக்கும் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். கையை ஓங்குவது ஒருமுறைக்கு மேல் நடந்தால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

தலைவலி நாளுக்கு நாள் கூடினால், வாந்தி எடுத்தால், ஒரு பக்கம் கை கால் பலம் குறைந்தால், வலிப்பு வந்தால், அளவுக்கு மீறி மயக்கமாகத் தூங்கினால் மனநல மருத்துவருக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே 108-ஐக் கூப்பிட்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

சேராத எலும்பில் எப்படி ஊன்றுவது

டிபியா என்று நாங்கள் சொல்கிற அந்த எலும்பின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் நேராக எலும்புதான் இருக்கும், தசை இல்லை. தசை இல்லாத பக்கத்தில் ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் தொடை எலும்பையும் கை எலும்பையும் போல அது சீக்கிரம் சேராது. நான்கிலிருந்து ஆறு மாதம் ஆவது சாதாரணம், அதற்கு மேலும் ஆகலாம். நாலரை மாதத்தில் ‘முழுசா சேரல’ என்றால் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை.

ராடு வைத்ததே நீங்கள் ஊன்றுவதற்காகத்தான். எலும்பு ஆறும்வரை எடையை அது தாங்கும். பாரம் விழ விழத்தான் ‘இங்கே வேலை இருக்கிறது’ என்று எலும்புக்குத் தெரிந்து, புது எலும்பு படியும். தூக்கியே வைத்திருக்கும் காலில் எலும்பு சுண்ணாம்பை இழக்கும், தசை சுருங்கும், கணுக்கால் இறுகும். பாதுகாப்பதாக நினைத்துக் காலைத் தூக்கியே வைத்திருந்தீர்கள் அல்லவா, சேர்வதை அதுதான் தாமதமாக்கியிருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை. ஏன் ஊன்ற வேண்டும் என்று ஒரு வரி யாராவது விளக்கியிருந்தால் நீங்கள் ஊன்றியிருப்பீர்கள்.

எடை பார்க்கிற சின்ன மெஷினை வீட்டில் வையுங்கள். இரண்டு பக்கமும் பிடிமானத்தோடு நின்று வலது காலை மட்டும் அதில் வைத்து, முள் 20 கிலோ காட்டும்வரை அழுத்துங்கள். அந்த அழுத்தத்தைக் கால் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். நடக்கும்போதும் அதே அளவு ஊன்றுங்கள். சில நாள் கழித்து 30, அப்புறம் 40. எந்த வேகத்தில் கூட்டலாம் என்பதை உங்கள் எலும்பு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் காலைக்குள் அடங்கிவிடுகிற வலி, வேலை செய்த வலி. மறுநாளும் வீங்கி, வலி கூடிக்கொண்டே போனால் ஒரு படி இறங்குங்கள். ஒற்றைக் கைத்தடிக்கு மாறும்போது அதை இடது கையில் பிடியுங்கள். அடிபட்ட காலின் பக்கமே பிடிப்பவர்கள்தான் அதிகம், அது தவறு.

ராடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ டைட்டானியத்திலோ செய்யப்படுகிறது. உடம்புக்குள் துருப்பிடிக்காது. தொந்தரவு இல்லாவிட்டால் ஆயுளுக்கும் இருக்கலாம். எடுப்பதானாலும் எலும்பு முழுக்கச் சேர்ந்து, ஒன்றரை இரண்டு வருடம் கழித்துத்தான். இப்போது எடுத்தால் காலை எழுப்பி நிறுத்த ஒன்றும் இருக்காது. ஆறு மாதம் தாண்டியும் எக்ஸ்ரேயில் முன்னேற்றம் தெரியாவிட்டால், ராடைப் பூட்டியிருக்கும் ஸ்குரூவில் ஒன்றை எடுத்து எலும்பு நெருங்க வழிசெய்வது, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பை எடுத்து முறிவில் வைப்பது என்று அடுத்த வழிகள் இருக்கின்றன. அடுத்த எக்ஸ்ரேயின்போது அதைக் கேளுங்கள்.

பீடி பிடிப்பதாகப் போகிற போக்கில் ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்துவதில் புகைக்குப் பெரிய பங்கு உண்டு. காலுக்காக ஒன்றே ஒன்றை விட முடியும் என்றால் அதை விடுங்கள். அம்மா மீனையும் முட்டையையும் நிறுத்தி வைத்திருப்பதையும் மாற்றச் சொல்லுங்கள். மீன் தின்றால் புண் சீழ்பிடிக்கும் என்பது உண்மை இல்லை. சாளையும் நெத்திலியும் முட்டையும் கஞ்சிக்குச் சேர்க்கிற சிறுபயறும் இப்போது உங்களுக்கு அத்தனை அவசியம்.

ஆசானிடம் போகலாமா

நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்கள் மேல் இருக்கிற நம்பிக்கை ஒரு நாளில் வந்தது இல்லை. ஆஸ்பத்திரிகள் எட்டாத தூரத்தில் இருந்த காலத்தில், மரத்திலிருந்து விழுந்தவர்களையும் சுளுக்குப் பிடித்தவர்களையும் அவர்கள்தான் பார்த்தார்கள். மச்சான் உங்கள்மேல் இருக்கிற அக்கறையில் சொல்கிறார். அதனால் சண்டை வேண்டாம்.

ஆனால் ராடு உள்ளே இருக்கும் காலில், சேராத முறிவின் மேல் இறுக்கிக் கட்டுவதும், இழுத்து நிமிர்த்துவதும், அழுத்தித் தடவுவதும் கூடாது. இறுக்கிக் கட்டிய கட்டில் ரத்த ஓட்டம் நின்று, விரல் கறுத்துப்போய் வந்த கால்களை நான் பார்த்திருக்கிறேன். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதைத் தடவினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும், உயிருக்கே ஆபத்து. எலும்பு சேர்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே சொன்ன பிறகு, தசை இறுக்கத்துக்கு எண்ணெய் தடவிக்கொள்ள ஆசைப்பட்டால் நான் தடுக்க மாட்டேன். கட்டு வேண்டாம், ராடு இருப்பதை ஆசானிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் தழும்பில் சீழ், காய்ச்சல், புதுச் சிவப்பு என்று எது வந்தாலும் நேராக ஆபரேஷன் செய்த டாக்டரிடம்தான் போக வேண்டும்.

மறுபடியும் மரத்தடிக்கு

பால்வெட்டுக்குத் திரும்ப முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் என்றே நினைக்கிறேன், ஆனால் ஒரே நாளில் இல்லை. இந்த ராடை முழங்கால் சிப்பிக்குக் கீழே, முன்பக்கம் வழியாகத்தான் உள்ளே செலுத்துவார்கள். அதனால் பலருக்கு மண்டியிடும்போதும் குத்தவைக்கும்போதும் முன்பக்கம் வலி இருக்கும். உங்கள் தொழிலில் அது முக்கியம். புது மரத்தில் வெட்டு இடுப்பு உயரத்துக்கு மேல் தொடங்கும், வருடம் போகப் போக அது கீழே இறங்கி, பழைய மரத்தில் குனிந்தோ குத்தவைத்தோ வெட்ட வேண்டிவரும். முதலாளியிடம் பேசி, முதல் சில மாதத்துக்கு மேல்வெட்டு மரங்கள் இருக்கும், சரிவு குறைந்த பகுதியைக் கேளுங்கள். முழு எண்ணிக்கை வேண்டாம், நூறு மரத்தில் தொடங்கலாம். நிறைந்த பால் வாளியைத் தூக்குவதை வேறொருவர் பார்க்கட்டும். சரிவில் ஏறக் கணுக்கால் மடங்க வேண்டும். அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலை முன்னே மடக்கும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள்.

பைக் அதற்கும் அப்புறம்தான். உங்கள் வண்டியில் பின் பிரேக் வலது காலில் இருக்கிறது. அந்தக் கால் பதறாமல், வலிக்காமல், ஒரே மிதியில் முழுப் பலத்தோடு அழுத்த முடிய வேண்டும். தலைசுற்றலும் நின்றிருக்க வேண்டும். முதலில் நிற்கிற வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் மைதானத்தில், அப்புறம் பகல் வெளிச்சத்தில் ஊருக்குள். அந்த வளைவைக் கடைசியில் வையுங்கள், முதல் தடவை கூட ஒருவர் இருக்கட்டும். பழைய ஹெல்மெட்டை எடுத்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மறுபடி போடாதீர்கள். ஒரு அடி வாங்கியதும் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புதியதை வாங்கி, பட்டையைத் தாடைக்குக் கீழே ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இறுக்கி மாட்டுங்கள். உங்கள் தலை அன்றைக்குப் பட்டதில் பாதி அந்தப் பட்டைக்காகப் பட்டது.

பணம்

நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் நோயாளிகளோடு அலைந்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன். இரண்டு நாள் செலவை ஏற்றது 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டமாகத்தான் இருக்கும். அது முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சைக்கு மட்டும்தான், நஷ்டஈடு வேறு. லாரி நம்பர் தெரியாவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்பது தவறு. வாகனம் எதுவென்றே தெரியாமல் போகும் விபத்துகளுக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 161-வது பிரிவின்படி கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. எலும்பு முறிவு கொடுங்காயம்தான். வருவாய்த் துறை அதிகாரியிடம், அதாவது கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

பின்னால் வந்த இரண்டு நண்பர்கள் டிப்பரைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் போலீசில் பதிவு செய்தீர்களா என்று எழுதவில்லை. லாரி அடையாளம் தெரிந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்கே போடலாம், தொகையும் அதிகம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அதற்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. ஆகவே இதை இந்த வாரமே செய்யுங்கள். ஹெல்மெட் பட்டை மாட்டாததைக் காட்டித் தொகையைக் குறைக்கப் பார்ப்பார்கள், அதனால் உங்கள் உரிமை போய்விடாது. வக்கீலுக்குக் காசு இல்லை என்றால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், எல்லா எக்ஸ்ரேயும், மருந்துச் சீட்டும் ஒரே பையில் இருக்கட்டும். மனநல மருத்துவரின் சீட்டையும் அதில் சேருங்கள். தலையில் பட்ட அடியும் கணக்கில் வர வேண்டும் என்றால் அது எங்காவது எழுதியிருக்க வேண்டும்.

ஆசாரிப்பள்ளத்துக்குப் போகும்போது மனைவியையும் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்கும்போது நீங்கள் “பரவாயில்ல சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவீர்கள். ராத்திரியில் என்ன நடக்கிறது என்பதை மனைவி சொல்லட்டும்.